எல்லோர் வீட்டிலும் இருந்த வீடியோ

ஒரு கோப்பை இணையத்திலிருந்து எடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நேரடிப் பதிவிறக்கம். கோப்பு ஒரே இடத்தில் இருக்கும், கேட்பவர்கள் எல்லோரும் அங்கேதான் வர வேண்டும். இரண்டாவதில் கோப்பு துண்டு துண்டாகப் பிரிந்து பலருடைய கணினிகளில் இருக்கும். யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ அவர் அதைக் கொடுப்பார். வாங்குகிறவர் வாங்கிய நொடியிலிருந்தே கொடுப்பவராகவும் ஆகிவிடுவார். முதல் வழி மெதுவானது, பாதியில் அறுந்துபோகும். இரண்டாவதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முதல் வழியில் கொடுத்த ஒன்றைத் திரும்ப மறைத்துவிடலாம்.

நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மலையூர் கொட்டச்சேட்டில் மழை பிடித்தால் சேலத்தோடு இருக்கும் தொடர்பு போய்விடும். பக்கத்து ஒண்டிக்கடை ஊர்க் கேபிள்காரர் மலைக்குள் இழுத்த வயர் மட்டும் வேலை செய்யும். அதனால் மலைக்குள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது எந்த மழையிலும் வேகமாக நடக்கும். இதைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் வீட்டுக் கணினிகளில் எல்லாம் இரண்டாவது வழிக்கான பகிர்வு நிரலைப் போட்டுக் கொடுத்தேன். கோயில் திருவிழா, காதுகுத்து, புது வீட்டுப் பால் காய்ச்சு எல்லாம் அதில்தான் சுற்றின. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் சித்தப்பா எல்லோரையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்.

பிறகு என் நிச்சயதார்த்தம் வந்தது.

மாப்பிள்ளை வீடு சேலம். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிடுவேன் என்று அப்பா அவர்களிடம் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. மாலை போட்டு நிறுத்திய பிறகு, மாப்பிள்ளையின் பெரியப்பா சபை நடுவில் கேட்டார்.

"எப்பம்மா எழுதிக் குடுக்கறே, வேலைய உடறதுக்கு?"

"விடமாட்டனுங்க" என்றேன்.

அவர்கள் எழுந்துவிட்டார்கள். தாம்பாளத் தட்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். அப்பா பின்னாலேயே ஓடி அந்தப் பெரியப்பாவின் காலில் விழுந்தார். ஏதோ சொன்னார். மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நான் நின்ற இடத்துக்கு அது கேட்கவில்லை. வீடியோ எடுத்தவர் கேமராவை அணைக்கவில்லை. அவரிடம் முழு நிகழ்ச்சிக்கும் பேசியிருந்தோம், முழுவதையும் எடுத்தார். அந்த வாரமே வீடியோவை இறக்கிக்கொள்ளும் இணைப்பை ஸ்டூடியோ எல்லோருடைய போனுக்கும் அனுப்பியது.

ஸ்டூடியோவுக்கு போன் செய்து அழிக்கச் சொன்னேன்.

"அழிச்சிட்டனுங்க, மன்னிச்சிக்கங்க" என்றார். இணைப்பைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. நேரடிப் பதிவிறக்கத்தில் வேலை அவ்வளவுதான்.

அன்று மாலை சித்தப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அந்த லிங்கு சரியா வரலீன்னு எல்லாரும் சொன்னாங்க கண்ணு. நாந்தான் முழுசா எறக்கி நம்மதுல போட்டேன். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே! கொட்டச்சேடு முச்சூடும் போயிருச்சு பாரு."

"சித்தப்பா, அதுல அப்பா விழறது இருக்குது."

"அது இருந்தா என்ன? ஊரே நேர்லயே பாத்துச்சு."

"அழிச்சிருங்க."

"என்ற கம்ப்யூட்டர்ல அழிக்கலாம். மத்தவங்ககிட்ட இருக்குதே?" அவர் சொன்னது சரி. சரியாகவே கற்றுக்கொண்டிருந்தார்.

நான் மனதுக்குள் வரிசை போட்டேன். அடம் பிடிக்காதவர்கள் முதலில், எரிச்சல்படுகிறவர்கள் அடுத்து, அத்தை கடைசியில். ஒவ்வொரு வீடாகப் போனேன். ஒரு வீட்டில், குழந்தை அதில் ஆடியிருக்கிறது என்று அழிக்க விட மறுத்தார்கள். அந்தப் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு மற்றதை அழித்தேன். இன்னொரு வீட்டில், "உங்கப்பா உழுந்ததுல எங்க பையனுக்குப் புத்தி வந்துருச்சு, பொண்ணு பாக்கப் போறப்பவே வேலையப் பத்திக் கேட்டுட்டான்" என்றார்கள். அதையும் அழித்தேன். என் திரையில் கொடுப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வயலில் களை எடுப்பது போல நிதானமான வேலை. வெட்கம் முதல் இரண்டு வீடுகளில் மட்டும் இருந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை, கிளியூரில் இருக்கிறாள். கதவைத் திறந்ததும் நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அழிக்கச் சொல்றியா? என்ற அரக்குப் பொடவ அதுலதான் நல்லா எடுப்பா இருக்குது."

"பொடவையை மட்டும் வெட்டித் தர்றேன் அத்தை."

"வேண்டாஞ் சாமி. ஒண்ணு பண்ணு. ஒருக்கா எங்கூட உக்காந்து முழுசாப் பாரு. அப்புறம் நீயே அழிச்சுக்க."

உட்கார்ந்தேன். டீயும் முறுக்கும் வைத்தாள். அப்பா வாசலுக்கு ஓடும் இடம் வந்ததும், "இங்க நிறுத்து கண்ணு" என்றாள். நிறுத்தினேன். அப்பா பாதி குனிந்த நிலையில் நின்றார். துண்டு கக்கத்தில் இருந்தது. ஓரத்தில், மாலையோடு நான்.

"எங்கண்ணன் எங்கப்பன் முன்னாடிகூடக் குனிஞ்சதில்ல, தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நீ எப்படி நிக்கற பாரு. கம்பத்தையாவது கொஞ்சம் அசைக்கலாம். சரி, ஓட உடு."

ஓடவிட்டேன். அவள் மறுபடி நிறுத்தச் சொன்னாள். பின்னால் போகச் சொன்னாள். எனக்கு முறுக்கை எடுத்து நீட்டினாள். தின்றேன். முடிந்ததும் அழித்தேன்.

"நொம்பக் கெட்டிக்காரிடி நீ" என்றாள், கதவுவரைக்கும் வந்து.

வீட்டுக்கு வந்து திரையைப் பார்த்தேன். பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்று இருந்தது.

என் வரிசையைத் திரும்பச் சரிபார்த்தேன். யாரும் விடுபடவில்லை. சில நாட்கள் கவனித்தேன். அந்த ஒருவர் சாயங்காலம் வருவார், இரவுச் சாப்பாடு முடிந்ததும் போய்விடுவார். பெயர் இல்லை, ஓர் எண் மட்டும்தான் தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் கூடத்தைத் துடைப்பதற்காக, அம்மா சீரியல் பார்க்கும் பழைய கணினியை அணைத்தேன். என் அறைக்குத் திரும்பி வந்தபோது எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தது. எங்கள் வீட்டை நான் வரிசையில் சேர்த்திருக்கவில்லை.

அப்போதுதான் வேறொன்றும் புரிந்தது. அப்பா சத்தம் போடுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் அவர் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கொஞ்ச நாளாக, அவர் குரல் ஏறும்போது அம்மா கூடத்துக் கணினியைத் திரும்பிப் பார்ப்பாள். "போடட்டுமா?" என்பாள். அவர் அடங்கிவிடுவார். சீரியலைத்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மா பின்வாசலில் முறத்தில் அவரையை உரித்துக்கொண்டிருந்தாள். காப்பி எஸ்டேட் வேலையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

"அம்மா, அந்த வீடியோ நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குதா?"

"இருக்குது."

"ஊர் முழுக்க நான் போய்க் கெஞ்சி அழிச்சுட்டு வந்திருக்கேன்."

"நான் ஒண்ணும் உன்னையப் போகச் சொல்லலையே?"

"எதுக்கும்மா அது உனக்கு?"

அவள் ஒரு காயை உரித்து முடித்தாள். "கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அந்த மனுசன் முன்னாடி நாந்தான் குனியறேன். அன்னிக்கி ஒருநாள் அவரு குனிஞ்சாரு. அதுவும் எவனோ ஒருத்தன் காலுல, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம. எனக்கு அது வேணும்."

"அப்பா பாவம்மா."

"இருக்கட்டும்."

நான் எழுந்து போய் அழித்தேன். குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் காலி செய்தேன். நிரலையே நீக்கினேன். அம்மா பார்த்தாள், தடுக்கவில்லை. அவரையை உள்ளே எடுத்துப்போய் அடுப்பில் வைத்தாள். இனி அந்தக் கோப்பு எந்தக் கணினியிலும் இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அடுத்த நாள் சாப்பிடும்போது குழம்பில் உப்பு கூடிவிட்டது. அப்பா தட்டைத் தள்ளினார்.

"வாயில வெக்க முடியல. எத்தன வருசமா ஆக்கறே? ஏனுங்கறேன், கைக்கு என்ன கேடு?"

அம்மா கணினியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். பிறகு அதைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தாள். ஒருமுறை எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். வீடியோவில் அப்பா செய்த அதே வரிசை. அடுத்து முட்டி மடங்கும் என்று எனக்குத் தெரியும், மடங்கியது. அப்பாவின் தட்டுக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

வீடியோவில் அப்பாவின் குரல் கேட்காது. அம்மா அன்று அவர் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"ஏனுங்க, அவ கெடக்கறாளுங்க" என்று அப்பாவின் குரலில் சொன்னாள். "படிச்ச திமிருங்க. நாளைக்கே அந்த வேலைய உட வெக்கறனுங்க. கைய ஒடச்சாவது உட வெக்கறனுங்க. போயிராதீங்க, சாமி."

அப்பா என்னைப் பார்த்தார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

அம்மா எழுந்து துண்டை உதறி மறுபடி கொடியில் போட்டாள். எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.