வளைகாப்புக்கு வந்த வில்லி

நெல்லித்தோப்பில் மேனகாவைச் சண்டைக்காரி என்று சொல்ல ஒருவரும் இல்லை. தெருக்குழாயில் இடித்துக்கொண்டு குடம் வைக்காதவள் என்று பெயர். அப்படிப்பட்டவள், மகளின் வளைகாப்பில் ஊரே பார்க்க ஒரு விருந்தாளியின் கையைத் தட்டிவிட்டாள். கோபம் அன்றைக்கு வந்ததல்ல. பல மாதங்களாகத் தினமும் மாலை ஏழரைக்கு வந்துகொண்டிருந்தது.

கணவர் வேலை பார்த்த பஞ்சாலை மூடியதும் அவர் காவலாளி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார். மேனகா மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிறாள். ஒரே மகள் சுடர்விழி கல்யாணமாகி உழவர்கரைக்குப் போன பிறகு, வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேசுவதற்கு டிவியைத் தவிர வேறு துணை இல்லை.

மகளுக்குப் போன் செய்வாள். "எப்படிடி இருக்க?"

"நல்லா இருக்கேம்மா."

"உங்க மாமியா?"

"நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஏழரை மணி சீரியலில் வந்த தேன்மொழி அப்படி இல்லை. கல்யாணமாகிப் போன வீட்டில் யார் என்ன சொன்னார்கள், எதற்கு அழுதாள், எல்லாமே திரையில் வந்துவிடும். மகள் சொல்லாமல் விட்டதையெல்லாம் மேனகா தேன்மொழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தேன்மொழி அடி வாங்கிய நாளில் மகளுக்கு இரண்டு முறை போன் போட்டாள். இரண்டு பெண்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தது வேறு சேர்ந்துகொண்டது.

அந்த சீரியலில் அகிலா என்ற பாத்திரத்தில் நடித்தவர் செந்தமிழ்ச்செல்வி. மருமகன் இளம்பரிதிக்குச் சொந்த அத்தை. மேடை நாடகங்களில் நடித்துப் பல வருடம் கழித்துக் கிடைத்த வாய்ப்பு. தொடக்கத்தில் மேனகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க சம்பந்தி வீட்டு அம்மாதான்" என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் அகிலா, தேன்மொழியின் பாலில் எதையோ கலந்து கொடுத்தாள். கரு கலைந்தது.

மறுநாள் பக்கத்து மேசை மாலா விடவில்லை. "இன்னாக்கா, உங்க சம்பந்தி வீட்டம்மா செஞ்ச வேலய பாத்தியா? அந்தக் குடும்பத்திலதான பொண்ணு குடுத்திருக்க?"

மாலா விளையாட்டுக்குச் சொன்னாள். மேனகா சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள். அன்று மாலை செந்தமிழ்ச்செல்வியின் படத்துக்குக் கீழே போனில், 'நீயும் ஒரு பொம்பளையா, நாசமாய்ப் போவாய்' என்று எழுதினாள். அதே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் அதையேதான் எழுதியிருந்தார்கள். தனியாக இல்லை என்பதில் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது.

வளைகாப்பு உழவர்கரையில், மருமகன் வீட்டில் நடந்தது. வளையல் போட்டு முடித்ததும் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். மேனகா அறையை வெள்ளையடித்து, மெத்தை வாங்கிப் போட்டு, கார் பேசிப் பின் சீட்டில் தலையணைகூட வைத்துக் கொண்டுபோயிருந்தாள். அதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள்.

படப்பிடிப்பில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு செந்தமிழ்ச்செல்வி வந்திருந்தார். பெண்கள் அவரோடு செல்பி எடுக்க மொய்த்தார்கள். அவர் மணையின் அருகில் வந்து சுடர்விழியின் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டார். மேனகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடுத்தது பாலும் பழமும். அவர் டம்ளரை எடுத்து, அகிலா சிரிக்கும் அதே சிரிப்போடு, "குடிம்மா" என்றார்.

மேனகாவின் கை போனது. டம்ளர் உருண்டது. பால் செந்தமிழ்ச்செல்வியின் பட்டுப் புடவையெல்லாம் வழிந்தது.

"எம்பொண்ணுக்கு நீ குடுக்காத" என்றாள் மேனகா. "அந்தப் பொண்ணுக்குக் குடுத்தது போதும்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்தி அன்னக்கிளியின் முகம் கறுத்துவிட்டது.

"எந்தப் பொண்ணுக்கு? இன்னா பேசறீங்க சம்பந்தி? நாடகத்துக்கும் வூட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

செந்தமிழ்ச்செல்வி புடவையை உதறிக்கொண்டார். "உடு அண்ணி. போன வாரம் பஸ்ல எம்பக்கத்துல உக்காந்த பொம்பள, எம்மூஞ்சப் பாத்துட்டு எழுந்து போய் நின்னுகினே வந்துச்சி. எனக்குப் பழகிப்போச்சி." சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"உங்க வூட்டுக்கு எந்த நம்பிக்கைல அனுப்பறது?" என்றார் அன்னக்கிளி.

மேனகா மகளைப் பார்த்தாள். சுடர்விழி வளையல்கள் குலுங்க எழுந்தாள்.

"நான் வர்லம்மா."

"அவங்க சொல்றதுக்காகவா?"

"அவங்களுக்காக இல்ல. தேன்மொழிக்கு வாந்தின்னு எனக்குப் போன் போட்டு அழுத. எனக்கு வாந்தி எத்தினி நாள் இருந்துச்சின்னு ஒரு நாளு கேட்டியா?"

மேனகா கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கவில்லை.

வளைகாப்பு முடிந்து பெண் இல்லாமல் அம்மா தனியாகத் திரும்புவது யாருக்கும் மறக்காத காட்சி. தெருவே வாசலில் நின்று பார்க்க, அவள் காரில் ஏறினாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் உழவர்கரைக்குப் பஸ் பிடித்தாள். முதலில் செந்தமிழ்ச்செல்வியின் நம்பரை அன்னக்கிளியிடம் கேட்டு வாங்கிப் போன் செய்தாள். "தப்புப் பண்ணிட்டேங்க. அந்தப் பொண்ணு வயித்துல இருந்தது போயிட்டப்ப எம்பொண்ணுதான் ஞாபகத்துக்கு வந்துச்சி" என்றாள்.

"அந்தப் பாலை நீட்ட எனக்கே மனசு வர்லம்மா" என்றார் அவர். "ஒரே சீனை நாலு தடவ எடுத்தாங்க." அவ்வளவுதான் பேச்சு.

அதன் பிறகு தினமும் போனாள். புளிக்குழம்பு, நார்த்தங்காய், மகளுக்குப் பிடித்தது எதுவோ ஒன்று கையில் இருக்கும். அன்னக்கிளி வாசலில் நின்று "வாங்க" என்பார். அவ்வளவுதான். மேனகா மகளிடம் ஒன்றொன்றாகக் கேட்டாள். வாந்தி மூன்று மாதம். பூண்டு வாசனையே ஆகவில்லை. மாமியார்தான் அந்த மூன்று மாதமும் பூண்டில்லாத ரசம் வைத்தார்.

ஏழரை மணிக்கு அந்த வீட்டிலும் சீரியல் ஓடும். அத்தை நடிப்பதாயிற்றே.

ஒரு நாள் கூடத்திலிருந்து அன்னக்கிளி கூப்பிட்டார். "சம்பந்தி, ஆரம்பிச்சிடுச்சி, வாங்களேன்."

"நீங்க பாருங்க. இவளுக்குக் கால் வீங்கிக் கெடக்குது, புடிச்சி உடறேன்."

டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பின்னால் அகிலாவின் குரல் எழுந்தது. தேன்மொழி அழுதாள். மேனகாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"அம்மா, காலு" என்றாள் சுடர்விழி.

விரல்கள் மறுபடி அழுத்தத் தொடங்கின. விளம்பரம் வந்தபோது அன்னக்கிளி திரும்பிப் பார்த்தார். மருமகளின் கால் இன்னும் சம்பந்தியின் மடியில்தான் இருந்தது.

"வெள்ளிக்கெழம நல்ல நாளு" என்றார். "வண்டிக்குச் சொல்லிடுங்க."