ரூத்துக்கு மேல் முளைத்த வெள்ளை அவுரி

ஆல்மா ட்வெட் கோபம் வந்தால் கத்த மாட்டாள். தாடையை இறுக்கிக்கொள்வாள், அவ்வளவுதான். மாட்டுக் கொட்டகையிலேயே வயதைக் கழித்தவள். உதைக்கிற மாட்டையும் அப்படியே அடக்குவாள். எங்கள் சர்ச் கல்லறையில் குழி வெட்டுகிறவன் நான். அவள் கத்தி நான் கேட்டது ஒரே தடவை.

அந்தக் கல்லறையில்தான் அவள் மகள் ரூத் கிடக்கிறாள். பிறந்த வாரமே போய்விட்ட குழந்தை. கல் வைக்க அன்றைக்கு வசதியில்லை. புருஷன் நட்ட மரச்சிலுவை, வசந்தத்தில் காய்ந்த புல்லுக்கு வைத்த தீயில் எரிந்துபோனது. அந்தக் கரியிலிருந்து ஒரு வெள்ளை அவுரி முளைத்தது. எங்கள் புல்வெளிக்கே சொந்தமான செடி. ஜூனில் இடுப்பு உயரத்துக்கு நெட்டுக்குத்தாக வெள்ளைப் பூ நிற்கும். வேர் ஆழம், இடம் மாறாது. அதற்கப்புறம் ஆல்மா கல் கேட்கவில்லை.

மே மாதம் வந்தால் எங்கள் ஆட்கள் கத்தியும் கையுமாகச் சாலையோரம் திரிவார்கள். தானாக முளைக்கிற அஸ்பராகஸ் மேல், குருத்திலேயே வெட்டிச் சமைக்கிற அந்தத் தண்டுக்காய் மேல், அவ்வளவு ஆசை. அவுரிக் குருத்தும் தூரத்துப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். கிட்டப் போனால் குழப்பமே இல்லை. அஸ்பராகஸ் தண்டில் முக்கோணச் செதில் ஒட்டியிருக்கும். அவுரி, சாம்பல் பூத்த ஊதாவில் வழவழவென்று இருக்கும். வெட்டின இடம் கறுத்துப்போகும். கண் இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்.

கல்லறைக் கமிட்டிக்காரன் ஓர்வில் ஸ்டென்ஸ்ருட்டுக்கு வயிறுதான் இருந்தது. ரூத் மேல் நின்ற குருத்தை வெட்டிக்கொண்டு போய் வெண்ணெயில் வதக்கித் தின்றான். விடிய விடிய வாந்தி.

அந்தச் சனிக்கிழமை, இறந்தவர்களின் நினைவு நாளுக்காகக் கல்லறையைச் சுத்தம் செய்ய எல்லோரும் கூடியிருந்தோம். ஆல்மா கறுத்த அடிக்கட்டைகளைப் பார்த்துவிட்டாள்.

"எவன்டா இத வெட்டுனது?"

முதுகில் களைக்கொல்லித் தொட்டியோடு ஓர்வில் வந்தான். "நாந்தான். அஸ்பராகஸ்னு நெனச்சுட்டேன். வெசம், ஆல்மா. புள்ளைங்க வர்ற எடம். அடிச்சு ஒழிச்சிரலாம்னு கமிட்டில முடிவாயிடுச்சு."

"கல்லறைக்குள்ள வந்து காய் பறிச்சவன் நீ ஒருத்தன்தான்யா."

யாரோ சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. "இது வெறும் களை."

"சரி, அடி. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. இது செத்துப்போச்சுன்னா நான் எந்தப் புல்லப் பாத்து ரூத்துன்னு கூப்பிடறது? காட்டுறா!"

அதுதான் அவள் கத்தியது. ஓர்வில் சுற்றிலும் பார்த்தான். எல்லாம் புல்.

தின்றதற்கு எனக்குக் கோபமில்லை. பசி, ஆசை, எவனுக்கும் வரும். தன் அசட்டுத்தனத்தை மறைக்க ஒரு குழந்தையின் அடையாளத்தைக் கொல்லத் துணிந்தானே, அதற்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கிறது.

அவன் தொட்டியை இறக்கி வைத்தான். "தெரியாம..." என்று இழுத்தான்.

"மொதல்ல அது மொளைக்கட்டும். அப்புறம் வந்து பேசு."

ஜூன் கடைசியில் ஒரே ஒரு தண்டு எழும்பிப் பூத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஓர்வில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வேலியோரம் வந்து நின்றான்.

"பூத்திருச்சே, ஆல்மா."

அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"ஏன், பசிக்குதா?"