தலைமன்னாருக்கு அப்பால்

பாம்பன் சிலுவைமுத்து கப்பலில் கலாசியாக இருந்தார். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களைத் தலைமன்னாரில் கொண்டுபோய் விட்டு, அங்கே காத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் கப்பல். வடம் வீசிக் கட்டுவது, ஏணி வைப்பது, தபால் மூட்டைகளை இறக்குவது அவர் வேலை. இருபது வருஷமாக இலங்கைக்குப் போய்வந்தும் தலைமன்னார் ஜெட்டியைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. தாண்டுவதற்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். தவிர, தாண்டிப் போய் என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரியாது.

அவருடைய ஒரே மகள் லீமாரோஸ் மதுரையில் விடுதியில் தங்கி இன்டர்மீடியட் முடித்திருந்தாள். பூகோளம் என்றால் அவளுக்கு உயிர். மேலே படிக்க மெட்ராஸ் போக வேண்டும் என்றாள். அந்தச் சமயத்தில், கப்பலில் அடிக்கடி வரும் கொழும்புக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் புதிதாகப் பல்கலைக்கழகம் கட்டியிருக்கிறார்கள், பரீட்சை எழுதித் தேறினால் இந்தியப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று சிலுவைமுத்துவிடம் சொன்னார். பாம்பனிலிருந்து பார்த்தால் மெட்ராஸைவிடக் கண்டிதான் கிட்ட என்றும் சொன்னார்.

சிலுவைமுத்துவின் மனசில் அந்தக் கடைசிப் பேச்சு தங்கிவிட்டது. வேறு தேசத்தில் பெண்ணை விடுவதா என்று அவர் மனைவி லூர்து மேரி இரண்டு நாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"மெட்ராஸுக்கு அனுப்புனா நான் எப்படிப் பாக்குறது? தலைமன்னாருன்னா தினமும் அங்கன போயிட்டுத்தான வாரேன். அவ வந்து ரயில விட்டு எறங்குனா நான் அங்கன நிப்பேன்ல."

பரீட்சையில் லீமாரோஸ் தேறினாள். 1954 ஜூலையில் ஒரு தகரப் பெட்டியோடு அப்பாவின் கப்பலிலேயே ஏறினாள். மற்றப் பயணிகளுக்கு ஏணியைப் பிடிப்பதுபோலவே அவளுக்கும் பிடித்தார். தலைமன்னாரில் அதிகாரி அவள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதைத் தள்ளி நின்று பார்த்தார். "போயிட்டு வா தாயி" என்றார். அவள் ரயிலில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் வடத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

பொல்காவலையில் கண்விழித்து வண்டி மாறினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்த இடமெல்லாம் பச்சையாக இருந்தது. பேராதனையில் அவளை முதலில் அசத்தியது கட்டடங்கள் அல்ல, தண்ணீர். பாம்பனில் மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்க அகப்பையில் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். இங்கே மகாவலி ஆறு அகலமாக, யாருக்கும் வேண்டாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. வந்த முதல் வாரம் தினமும் சாயங்காலம் பாலத்தில் போய் நின்று அதைப் பார்த்தாள். வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தில் பாதி அந்த ஆற்றைப் பற்றித்தான்.

அந்தக் கடிதங்களும் சிலுவைமுத்துவின் கப்பலில்தான் வந்தன. எந்த மூட்டையில் மகளின் கடிதம் இருக்கிறது என்று தெரியாததால், அவர் எல்லாத் தபால் மூட்டைகளையும் பதனமாகத் தூக்கி வைக்க ஆரம்பித்தார்.

ஆறு பிடித்துப்போன அளவுக்கு விடுதி பிடிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முள்ளும் கத்தியும். சூப்பை எந்தக் கரண்டியால் குடிப்பது என்று பக்கத்துப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். பாடமெல்லாம் இங்கிலீஷ். படிக்கப் புரியும், பேச வாயைத் திறந்தால் பாதியில் நின்றுவிடும். தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே என்று யாழ்ப்பாணப் பெண்கள் பக்கம் போனாள். அவர்களில் தில்லைநாயகி என்பவள் நன்றாகப் பேசினாள்.

"நீர் எந்த இடம்? தோட்டப் பக்கமோ?" என்று தில்லைநாயகி கேட்டாள்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பமா என்று கேட்கிறாள் என்பது லீமாரோஸுக்கு மறுநாள்தான் விளங்கியது. அன்றைக்கு, தோட்டம் ஒன்றும் கிடையாது, வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னைதான் இருக்கிறது என்று பதில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அதன் பிறகு அவர்களிடம் "இங்கன", "அங்கன" என்று வாயில் வரும்போதெல்லாம் விழுங்கிக்கொண்டாள். தன்னுடைய பாஷை பேசுகிறவர்கள் நடுவிலேயே சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவது இங்கிலீஷ் பேசுவதைவிடக் களைப்பாக இருந்தது.

அறையில் அவளோடு இருந்தவள் நீர்கொழும்புக்காரி, பிலோமினா குரேரா. சிங்களப் பெண் என்று எல்லாரும் சொன்னார்கள். கொழும்பில் பெரிய கான்வென்டில் படித்தவள். இங்கிலீஷ் தண்ணீராக ஓடும். கட்டில் தலைமாட்டில் இருவரும் ஜெபமாலை மாட்டியிருந்தார்கள். அதைத் தவிர இருவருக்கும் பொதுவாக எதுவும் இருப்பதாக லீமாரோஸுக்குத் தோன்றவில்லை. குட்மார்னிங், குட்நைட்டோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆகஸ்டில் ஒரு நாள் பூகோள வகுப்பில் பருவக்காற்றுப் பற்றிப் பாடம். தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கரையோர மக்கள் என்ன செய்வார்கள் என்று பேராசிரியர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. லீமாரோஸ் எழுந்து நின்றுவிட்டாள். எழுந்த பிறகுதான், இங்கிலீஷில் சொல்ல வேண்டுமே என்ற நினைவு வந்தது. தட்டுத்தடுமாறிச் சொன்னாள். தங்கள் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல், தெற்கே இருப்பது ஆண்கடல், வடக்கே இருப்பது பெண்கடல். ஒன்று கொந்தளிக்கும்போது மற்றது அமைதியாக இருக்கும். காற்று மாறினால் வலைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடுவார்கள்.

கடலில் ஆண் என்ன, பெண் என்ன என்று வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. பலகையில் பாம்பன் தீவை வரைந்து, காற்றுகளுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார். வாடை, கொண்டல், சோளகம் என்று மூன்று சொன்னாள். நாலாவது பெயர், பிறந்ததிலிருந்து கேட்ட பெயர், பதற்றத்தில் வாயில் வரவில்லை.

"கச்சான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

பிலோமினா. எல்லாரும் திரும்பியதும் அவள் தலையைக் குனிந்து நோட்டில் எழுதுவதுபோல இருந்தாள்.

அன்று அறைக்கு வந்ததும், உனக்குத் தமிழ் தெரியுமா என்று லீமாரோஸ் கேட்டாள். சிங்கள மீனவர்களும் கச்சான் என்றுதான் சொல்வார்கள் என்று பிலோமினா இங்கிலீஷில் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் வகுப்பில் லீமாரோஸின் நிலைமை மாறிவிட்டது. பேராசிரியர் அவளை நூலகத்துக்கு அனுப்பிக் கடற்கரை வரைபடங்களைப் பார்க்கச் சொன்னார். சிரித்த பையன்களே அவளிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. லீமாரோஸ் பத்து நாளைக்கு முன்பே பெட்டி கட்டிவிட்டாள். கிளம்ப வேண்டிய நாளன்று காலையில் தந்தி வந்தது. கடலில் புயல், கப்பல் ஓடவில்லை, அங்கேயே இரு என்று சிலுவைமுத்து யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். விடுதியை மறுநாள் மூடப்போகிறார்கள். கண்டியில் அவளுக்கு யாரையும் தெரியாது. பெட்டிமேல் உட்கார்ந்து தந்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

பிலோமினா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"எங்கட வீட்டுக்கு வா" என்றாள், தமிழில். "அங்க எல்லாரும் தமிழ்தான் பேசுற. இங்க ஒருத்தருக்கும் அது தெரியாது. அதுதான் இத்தனை நாள் கூப்பிடல்ல."

பஸ்ஸில் போகும்போது மீதியைச் சொன்னாள். அவர்கள் குடும்பத்தில் எல்லாரும் மீன்பிடிக்காரர்கள். கரையில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் சிங்களம், வீட்டில் தமிழ் என்று பல தலைமுறையாக இருக்கிறார்கள். கான்வென்டில் சேர்ந்த முதல் வருஷம் அவள் அறியாமல் தமிழில் ஏதோ சொல்லிவிட, பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்றோடு வீட்டுக்கு வெளியே தமிழை விட்டுவிட்டாள். மதுரை விடுதியில் தன் துணியில் கருவாடு வாசம் வருகிறது என்று ஒருத்தி கட்டிலை நகர்த்திப் போட்டதை லீமாரோஸ் சொன்னாள். யாரிடமும் சொல்லாத விஷயம். இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பிலோமினாவின் வீடு கடலைப் பார்த்து இருந்தது. முற்றத்தில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. பிலோமினாவின் அம்மா லீமாரோஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வா மகள், நீங்க அக்கரையில இருந்து வந்ததா?" என்றாள். அந்தத் தமிழ் விசித்திரமாக இருந்தது. நானும் வந்த, அவனும் வந்த, அவர்களும் வந்த என்று எல்லாருக்கும் ஒரே வினைச்சொல். ஆனால் வலையும் படகும் மீனும் வந்துவிட்டால், லீமாரோஸுக்கு ஒரு சொல்லைக்கூட விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் எதையும் விழுங்காமல் பேசினாள். இங்கன, அங்கன என்று அவள் சொல்வதை யாரும் கவனிக்கவே இல்லை.

அந்த வீட்டில் மரப்பெட்டிக்குள் ஒரு பழைய தமிழ் ஜெபப் புத்தகம் இருந்தது. தெருவில் தமிழ் பேசாதவர் கிடையாது. தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவரும் கிடையாது. படித்தவர்கள் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் படித்தார்கள். பிலோமினாவின் அம்மா புத்தகத்தைத் துடைத்துக் கொண்டுவந்து, வாசிக்க முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டாள். லீமாரோஸ் சமையல்கட்டிலேயே உட்கார்ந்து வாசித்தாள். மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் முற்றம் கொள்ளவில்லை. மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். மனப்பாடமாகத் தெரிந்த ஜெபங்கள் வரும்போது அவளை முந்திக்கொண்டு சொன்னார்கள். கிறிஸ்துமஸ் வரை தினமும் வாசிப்பு நடந்தது. தெருவில் நடந்தால் அவளைக் கூப்பிட்டு ஏதாவது தின்னக் கொடுத்தார்கள். இலங்கைக்கு வந்து ஐந்து மாதத்தில், தான் இருப்பதால் ஓர் இடத்துக்குப் பிரயோஜனம் என்று அவள் உணர்ந்தது அந்த முற்றத்தில்தான்.

கப்பல் ஓட ஆரம்பித்ததும் புதுவருஷத்துக்கு ஊருக்குப் போனாள். தலைமன்னார் ஜெட்டியில் ரயிலை விட்டு இறங்கியதும் சிலுவைமுத்துவிடம் சொன்ன முதல் செய்தி நீர்கொழும்பு பற்றித்தான். அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "நம்ம சனமில்லாத கடக்கரை ஏது?" என்று மட்டும் கேட்டார். அவள் திரும்பிப் போகும்போது ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி அடுக்கி, குரேரா வீட்டுக்கு என்று கொடுத்தனுப்பினார்.

பேராதனைக்குத் திரும்பிய முதல் நாள், சாப்பாட்டு மேசையில் பிலோமினா, "லீமா, அந்த உப்ப எடுத்துத் தா" என்று எல்லார் காதிலும் விழும்படி தமிழில் கேட்டாள். எதிரே இருந்த தில்லைநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"உமக்கு நல்லாத் தமிழ் வருகுதே. ஏன் முதலே சொல்லேல்லை?" என்றாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தோம் என்று பிலோமினாவுக்கு ஆகிவிட்டது.

அந்த வருஷம் லீமாரோஸ் அவளுக்குத் தமிழ் எழுத்தும், அவள் லீமாரோஸுக்குச் சிங்கள எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். தில்லைநாயகி நடுவில் புகுந்து இரண்டு பேரின் கையெழுத்தையும் கேலி செய்தாள். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது விடுதியில் சத்தமான வாக்குவாதங்கள் நடந்தன. சில பெண்கள் மேசை மாறி உட்கார்ந்தார்கள். இவர்கள் மூவரும் பழைய மேசையிலேயே இருந்தார்கள். லீமாரோஸ் அந்நிய நாட்டுக்காரி என்பதால் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதில் பலதும் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

1957இல் பட்டம் வாங்கினாள். சிலுவைமுத்து பாஸ்போர்ட் எடுத்து, புது வேட்டி கட்டி, பயணியாகக் கப்பல் ஏறினார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ஏணியைப் பிடித்து வணக்கம் வைத்தார்கள். ரயிலில் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. மலைகளைப் பார்த்ததும், "இம்புட்டு ஒசரத்துல எப்படித் தாயி மூணு வருசம் இருந்த?" என்று கேட்டார். பட்டமளிப்பு முடிந்து நீர்கொழும்பில் இரண்டு நாள் தங்கினார். பிலோமினாவின் அப்பா குரேராவும் அவரும் விடிந்ததிலிருந்து கரையிலேயே இருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று லீமாரோஸ் கேட்டதற்கு, பேசுவதற்கு என்ன இருக்கிறது, வலை இழுத்தோம் என்றார்.

இராமநாதபுரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூகோள ஆசிரியை வேலை கிடைத்தது. 1960இல் பிலோமினாவிடமிருந்து கடிதம் வந்தது. கோணல்மாணலான தமிழ் எழுத்தில் அவளே எழுதியிருந்தாள். மகள் பிறந்திருக்கிறாள், ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தாய், தேதியை நீ சொல்லு.

லீமாரோஸ் ஒரு வாரம் லீவு போட்டுப் போனாள். நீர்கொழும்புக் கோயிலில் குழந்தையை ஏந்தி நின்றாள். சாமியார் தண்ணீர் ஊற்றியதும் குழந்தை வீறிட்டு அழுது, லீமாரோஸின் பட்டுச் சேலையை நனைத்துவிட்டது. பிலோமினா பதறிக்கொண்டு கையை நீட்டினாள். லீமாரோஸ் கொடுக்கவில்லை. நனைந்த இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, பூசை முடியும்வரை தானே வைத்திருந்தாள்.