நிலக்கோட்டையில் ஒரு நகல்

ஆனந்த்ராஜ் ஸ்டூலைக் கம்ப்யூட்டரின் மேல்தான் ஓங்கினான். அறிவுச்செல்வி குறுக்கே விழுந்ததால் அது அவள் விலாவில் இறங்கியது. எலும்பில் விரிசல் என்றார்கள். மாடிப்படியில் வழுக்கிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்தாள்.

நாகல் நகர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பது அவள் தொழில். கணவன் ஆனந்த்ராஜ் லோடு வேன் ஓட்டினான். போட்டோகிராபர்கள் போன் செய்வது அவனுக்கு ஆகாது. அவள் சிரித்துப் பேசிவிட்டால், போனை வைப்பதற்குள் முடியைப் பிடித்துவிடுவான். அவளை அடிப்பதைவிட அந்த மிசினை அடித்தால்தான் அவளுக்கு வலிக்கும் என்பதையும் கண்டுகொண்டிருந்தான்.

விலா ஆறிக்கொண்டிருந்தபோதுதான் அவள் வேலையை நகலெடுத்து வைக்கும் பேக்கப் சாப்ட்வேர் ஒன்றை நெட்டில் தேடத் தொடங்கினாள். வைரஸுக்கு எது நல்லது, கரண்ட் போனால் எது நல்லது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். புருஷனுக்கு எது நல்லது என்று யாரும் எழுதவில்லை. நிலக்கோட்டையில் அக்கா தமிழ்நிலா வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இங்கே நடப்பதை அப்படியே அங்கேயும் செய்துவைக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

ஒரு காலையில் அவளைச் சுவரோடு தள்ளிவிட்டு ஆனந்த்ராஜ் தானே நாற்காலியில் உட்கார்ந்தான். ஒவ்வொரு ஃபோல்டராக அழித்தான். அக்கா வீட்டில் நகல் இருக்கிறதே என்று அவளுக்கு உள்ளூர நிம்மதி. உதடு லேசாக விரிந்துவிட்டது. அதற்கு இடது காதோடு ஓர் அறை விழுந்தது. காதில் ரத்தம் வழிய, அவன் போனபின் அக்காவைக் கூப்பிட்டாள். அங்கேயும் ஒன்றுமில்லை. இங்கே அழித்ததையும் அந்தச் சாப்ட்வேர் அப்படியே அங்கேயும் செய்துவைத்திருந்தது. போனவற்றில் ஒரு மணப்பெண்ணின் ஆல்பமும் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு இறந்துபோன அந்தப் பெண்ணின் தகப்பனார், அந்தப் படங்களில்தான் கடைசியாகச் சிரித்திருந்தார். அடி வாங்கி அழாதவள் அன்று அதற்காக அழுதாள்.

அடுத்த சாப்ட்வேரை அவள் அவசரப்பட்டு எடுக்கவில்லை. அவன் வேனோடு வெளியே போன நேரங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று வேலை முடிந்ததும் திரையில் அறிவிப்புக் காட்டியது. அவன் கண்ணில் பட்டுவிடும். இன்னொன்று எடுத்து வைத்ததைத் திருப்பித் தரத் தகராறு செய்தது. கடைசியில் கிடைத்தது சத்தமில்லாமல் ஓடியது. இங்கே அழித்தாலும் அங்கே பழையதை வைத்திருந்தது, பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கவில்லை. ஒரு ஃபோல்டரைத் தானே அழித்து, அக்கா வீட்டிலிருந்து முழுசாகத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகே நம்பினாள்.

பிறகொரு மத்தியானம் அவன் கடப்பாரையோடு வந்தான். எவனோடு பேசினாய் என்று கேட்டு அவள் தலையைக் கதவு நிலையில் மோதினான். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, அவள் குறுக்கே வந்து விழுவதற்காகக் காத்திருந்தான்.

அவள் வரவில்லை.

"என்னடி, உன் உசுருல்ல இது? வந்து விழு."

"ஒடைச்சுக்கங்க. நான் போறேன்."

அவன் நம்பவில்லை. திரை சிதறியது, சிபியு நசுங்கியது. வெறி அவனை அங்கேயே பிடித்து நிறுத்தியது. அந்த நேரத்தில் அவள் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி, ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலமே அவன் நிலக்கோட்டைக்கு வந்து அக்கா வீட்டுக் கதவை உதைத்தான். தாழ்ப்பாள் பெயர்ந்தது. தமிழ்நிலாவின் கழுத்தை அவன் பிடித்ததும், கையில் கிடைத்த இரும்புக் குழாயால் அறிவுச்செல்வி அவன் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அக்கம்பக்கத்தார் அவனைப் பிடித்துக்கொள்ள, அவள் பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தானும் அவனைப் போல் ஆகிவிட்டோமோ என்று பயந்தாள்.

போலீசில் இந்த முறை மாடிப்படிக் கதை சொல்லவில்லை. வழக்கு நடக்கிறது. நிலக்கோட்டையிலேயே வாடகைக்கு ஓர் அறை பிடித்து ஆல்பம் செய்கிறாள். அக்கா வீட்டில் நகல் இருந்ததால், அன்று உடைந்த கம்ப்யூட்டரில் இருந்த எந்த வேலையும் விடுபடவில்லை. இடது காது மட்டும் இன்னும் கேட்பதில்லை.