பதினாலாவது விதிக்கு ஆள் சேர்த்த கதை

வேலை இல்லாதவர்களைத் தேடிப் போய், வேலை இல்லாமல் இருப்பதற்கான விதிமுறைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டு எழுதி வருவதும் ஒரு வேலைதான். அதை மூன்று மாதம் பார்த்தவன் நான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு விதிகளையும் வேலையற்றோர் உதவித்தொகை விதிகளையும் திருத்தப் போகிறார்கள், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து முகாம்களில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்லச் சொல்லப் படிவத்தில் எழுத வேண்டும். ஆதார் எண்ணைவிடப் பதிவு எண்ணை நன்றாக மனப்பாடம் வைத்திருக்கும் சக பதிவுதாரர்களே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பத்தடி தூரம்

நமக்கெல்லாம் தெரிந்த விதிதான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விட்டால் பதிவு மூப்பு போச்சு, வரிசையின் வாலில் போய்ப் புதிதாக நிற்க வேண்டும். பிளஸ் டூ முடித்த கையோடு பதிந்தவன் நான். ஒன்பது வருஷ மூப்பு. 'புதுப்பிக்கத் தவறாதீர்' என்று அலுவலக வாசலில் தட்டி கட்டியவனும் நானே. தட்டியைக் கட்டினேன், என்னுடையதைக் கோட்டை விட்டேன். கைபேசியிலேயே ஐந்து நிமிட வேலை. முடியாவிட்டால், முகாம் இல்லாத நாளில் அலுவலகத்தில் நான் உட்காரும் நாற்காலியிலிருந்து பத்தடியில் புதுப்பிக்கும் கவுண்டர்.

கவுண்டரில் இருக்கும் எழுத்தர் மல்லிகா அக்கா என் எண்ணைத் தட்டிப் பார்த்தார். சலுகை நாளும் தாண்டிவிட்டதாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, தெனமும் எம்பட பக்கத்துல உக்காந்து போண்டாவப் புட்டுப் புட்டுத் தின்னீங்களே, ஒரு நாளாச்சும் உங்க அட்டைய நீட்டோணும்னு தோணலீங்களா?"

ஓமலூரில் ஒரு மன்னிப்பு

ஒரே ஒரு வழி இருந்தது. திருத்த வரைவின் பதினாலாவது விதி: தவறவிட்டவர்களுக்கு ஒருமுறை மன்னிப்பு, பழைய மூப்போடு. மக்கள் ஆதரித்தால் சேர்ப்பார்கள் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குக் குலதெய்வம் மக்கள்தான்.

ஓமலூர் முகாமில் முதலில் வந்தவர் தலை நரைத்த ஒரு விவசாயி. பள்ளிக்கூடம் முடித்ததும் பதிந்தாராம். முதல் நேர்முகக் கடிதம் வந்தபோது அதைப் பிரித்துப் படித்துக் காட்டியது அவருடைய மகனாம். எழுதிக்கொண்டே மெல்ல என் தூண்டிலைப் போட்டேன்: "தாமதமாப் புதுப்பிக்கறவங்கள மன்னிக்கலாம்னு ஒரு விதி இருக்குதுங்க. அதப் பத்தி ஏதாச்சும்..." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தாமதமா வந்த கடுதாசிய நாங்க மன்னிச்சுட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போறோம். இன்னும் எத்தன பேர மன்னிக்கறது?"

வேலை என்றால் என்ன?

திருச்செங்கோட்டில் ஒரு பையன், பி.எஸ்சி. படித்தவன், போர்வெல் வண்டியில் வெளிமாநிலம் போய்த் துளை போடுகிறவன். உதவித்தொகைக்கு வருஷா வருஷம் 'நான் எந்த வேலையிலும் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே, அதுதான் அவன் சிக்கல். "வண்டி ஓடுனா வேலைங்ண்ணா. மழை புடிச்சு ஷெட்ல நின்னா வேலை இல்ல. நான் எதுன்னு எழுதறது? லாரி நிக்கறதுக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்க."

நியாயம் என்று எழுதிவிட்டு, பதினாலாவது விதியைப் பற்றி இழுத்தேன். அவன் காதில் விழவில்லை. என் கழுத்தில் தொங்கிய தற்காலிகப் பணியாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாசக் கடைசியோட முடியுதுன்னு போட்டிருக்குது. அப்ப நீங்க வேலைல இருக்கறீங்களா, இல்லீங்களா?"

தாளும் பேனாவும்

கட்டு கட்டாகக் கருத்துகள் சேர்ந்தன. பதினாலாவது விதிக்கு ஒன்றுகூட இல்லை. "எல்லாம் உங்க கையெழுத்துத்தான தம்பி? நாலு பேரு பேர்ல நீங்களே எழுதிச் சொருகுங்க" என்றார் மல்லிகா அக்கா, பாதி விளையாட்டாக. ஒரு தாளை எடுத்தும் விட்டேன். ஊர் பேர் தெரியாத ஒருவர் பெயரில் பொய் எழுதப் பேனா ஓடவில்லை. நல்லவன் என்பதால் அல்ல, மாட்டிக்கொள்வேன் என்ற பயம்.

கடைசியில் என் பெயரிலேயே ஒன்று எழுதினேன். என் ஒன்பது வருஷத்தையும் ஆதியோடந்தமாகச் சொல்லி, இரண்டு பக்கம். அலுவலகக் கண்காணிப்பாளர் முழுக்கப் படித்தார், பொறுமையான மனிதர். தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "தம்பி, இது கருத்து இல்லீங்க. கருணை மனு."

கெங்கவல்லி

கடைசி முகாம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், ஆசிரியர் பயிற்சி முடித்தவர், உட்காரும்போதே சொன்னார்: "பதினாலாவது விதி பத்திப் பேசணும்." நாற்காலியை நானே துடைத்துப் போட்டேன்.

"மன்னிப்பு கூடாதுன்னு எழுதுங்க சார். எனக்குப் புதுப்பிக்கிற மாசம் வயித்துல எட்டு மாசம் இவன். கடைசி நாளு, நெட் சென்டர்ல சர்வர் இல்லன்னுட்டாங்க. ரெண்டு பஸ் மாறி, நின்னுகிட்டே போய்ப் புதுப்பிச்சேன். தேதிய விட்டவங்களத் தூக்கி மறுபடி எனக்கு முன்னாடி நிறுத்துனா, நான் அன்னைக்கு நின்னதுக்கு என்ன அர்த்தம்?"

"விட்டவங்களுக்கும் ஏதாவது காரணம் இருக்கும்ல?" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் விட்டாங்களா?"

"ஒருத்தர்."

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. மறந்துட்டார்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் சுருக்கென்றது. ஒரு சொல் விடாமல் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "கடைசி வரிய முணுமுணுக்கறீங்க சார், சத்தமாப் படிங்க" என்றார்.

ஆக, பதினாலாவது விதிக்கு நான் திரட்டிய ஒட்டுமொத்த மக்கள் கருத்து, என்னை வரிசையின் வாலுக்கு அனுப்பச் சொல்லி, என் கையாலேயே அடித்தல் திருத்தலின்றி எழுதப்பட்ட அந்த ஒரு தாள்தான்.