பெயிண்ட் வைத்த திருகு

முன்னறையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. வாயில் கம்பளியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல, "ம்வா… ம்வா…" என்று.

"அக்கா, ஓடி வாங்க! அவருதான் பேசுறாரு! ஆனா ஒரு எழுத்துகூட புரியலையே!"

கொதிக்கும் டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள், பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் திருப்புளி அக்கா.

கூப்பிட்டவள் பேக்கரிக்காரரின் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கணவர் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதற்கு முன்பே தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது. 'சம்மதமா?' என்பதைக்கூடச் சீட்டில் எழுதித்தான் நீட்டினாராம். நேற்று மாமியாரின் அலமாரியில் இந்த வீடியோ கேசட் கிடைத்தது. யாரோ நண்பன் கேமராவில் எடுத்த கால்பந்து ஆட்டம், வர்ணனை பேக்கரிக்காரர். அவர் குரல் உலகத்தில் இது ஒன்றில்தான் மிச்சம்.

அக்காவிடம் வீடியோ கேசட் ஓட்டும் டெக்குகள் மூன்று இருந்தன. ஒன்று கேசட்டைக் கடித்து மென்றுவிடும். இன்னொன்றில் கேசட்டைப் படிக்கும் ஹெட் தேய்ந்து சிக்னல் தளர்ந்துபோனது. அப்படிக் கொஞ்சம் தளர்ந்தாலே கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் பெட்டி திரையை நீலமாக்கிச் சத்தத்தையும் நிறுத்திவிடும். ஆகவே தன் செல்லத்தைத்தான் எடுத்திருந்தாள், மூன்றாவதை.

டெக் செய்யும் ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் அவளுக்கு ஒரே வேலை. ஒலியைப் படிக்கும் ஆடியோ ஹெட்டை இம்மியும் பிசகாமல் நேராக நிறுத்தி, திருகின் மேல் ஒரு சொட்டுச் சிவப்புப் பெயிண்ட் வைப்பாள். இனி யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். ஃபேக்டரி மூடிய அன்று சொந்தக் காசு கொடுத்து வாங்கி வந்த டெக் இது. அந்தச் சொட்டு இன்னும் அப்படியே இருந்தது.

நேரான டெக்கில் ஏன் இப்படி உளறுகிறது? மறுபடி ஓட்டிக் காதைக் கொடுத்தாள். பளிச்சென்று புரிந்தது.

"கேமரா எங்கயோ விழுந்து அடிபட்டிருக்கும்மா. ஹெட் சாஞ்சபடியே பதிஞ்சிருக்கு. என் டெக் ரொம்ப நேரா நிக்குது, அதான் வினை."

"அப்ப?"

"இதையும் அதே அளவுக்குச் சாய்க்கணும்." அக்கா டெக்கின் மேல் கையை வைத்தாள். "ஃபேக்டரியோட சோதனைக் கேசட் இல்லாம பழைய இடத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது."

பக்கத்து அறையில் தையல் மெஷின் நின்றது. அக்காவின் கணவர் எட்டிப் பார்த்தார். "நடக்கிற காரியமா சொல்லு! புருஷன் தலை சாஞ்சா கண்டுக்கமாட்டா. அந்தப் பொட்டி தலை சாஞ்சா தாங்கமாட்டா."

"நீங்க பேசாம தைங்க."

பேக்கரிக்காரி மெல்ல எழுந்தாள். "வேண்டாம்க்கா. உங்க உயிரையா கேக்க முடியும்? குரல்னு ஒண்ணு இருந்துதுன்னு தெரிஞ்சுதே, அதுவே போதும்." சொல்லி முடிப்பதற்குள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அதைப் பார்த்துக்கொண்டு அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "உக்காரு சொல்றேன்!" என்று அதட்டினாள். திருப்புளியின் நுனி பட்டதும் சிவப்புச் சொட்டு பொருக்காய் உதிர்ந்தது. பிறகு கை தானாகத் திரும்பியது. கால் சுற்று. இன்னும் ஒரு மயிரிழை. கம்பளி விலகுவதுபோல மூடாக்கு விலகியது.

"அடி… அடிடா… டேய் குண்டா, பந்தை அடிடான்னா காத்தை அடிக்கிறியே!"

பிள்ளைக்குரல்போலக் கீச்சென்று வந்தது. பேக்கரிக்காரி திகைத்தாள். மேகம் குமுறுவதுபோல ஒரு குரலையல்லவா பதினோரு வருஷம் மனசுக்குள் வளர்த்திருந்தாள்! அடுத்து அவர் பாட்டும் ஆரம்பித்தார். ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். முதலில் சிரித்தவள் அவள்தான். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, அக்காவைக் கட்டிக்கொண்டாள். தையல்காரர் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தபடி, "தூசி" என்றார்.

ஆட்டம் முடியும்வரை பதிவு செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள் அக்கா. பேக்கரிக்காரி அதைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"எல்லாச் சண்டையிலயும் நான்தான் ஜெயிக்கிறேன்னு பெருமைப்பட்டுட்டிருந்தேன்க்கா. இந்த வாய் மட்டும் இருந்திருந்தா நான் காலி!"

"போ, போய் அவரையும் கேக்க வை."

படிகளில் அவள் சிரிப்பு இறங்கிக்கொண்டே போனது. தெருவில் அது மறையும்வரை நின்றுவிட்டு, அக்கா கதவைச் சாத்தினாள்.