அத்தையின் முகவரி

மகளை நல்ல பள்ளியில் சேர்க்க, பள்ளிகளுக்குப் பேர்போன பக்கத்து ஊரான குபெர்டினோவில் இருக்கும் நாத்தனாரின் முகவரியைக் கொடுத்துவிடலாமா என்று எங்கள் சான் ஹோசே வீட்டில் பேச்சு நடக்கிறது. எல்லோரும் செய்வதுதானே என்கிறார் கணவர். சரி என்கிறேன், பிறகு வேண்டாம் என்கிறேன். இடையில் அத்தை நினைவுக்கு வந்துவிடுகிறார்.

அத்தை அப்பாவின் தங்கை. நியூ ஜெர்சியில் எங்களோடு இருந்தவர், நர்ஸ் வேலை கிடைத்து தலைநகர் வாஷிங்டனுக்குப் போனார். ஆனாலும் அவருடைய லைசென்ஸ், கார் எல்லாம் எங்கள் முகவரியில்தான் இருந்தன. தபால் பெட்டியில் அப்பாவின் பெயருக்குக் கீழே அத்தையின் பெயரை டேப்பில் எழுதி ஒட்டியிருந்தோம். அது இருக்கும்வரை அத்தை எங்கள் வீட்டு ஆள் என்பது சிறுமியான என் நினைப்பு.

2000ஆம் ஆண்டு கோடையில் அத்தைக்குக் குடியுரிமை கிடைத்தது. நவம்பரில் தேர்தல், அவருக்கு முதல் ஓட்டு. அத்தை எங்களைப் பார்க்க வந்திருந்த ஒரு நாள், சாப்பிடும்போது அப்பா பேச்சை எடுத்தார்.

"வாஷிங்டன்ல ரெஜிஸ்டர் பண்ணாதே. அங்க பிரெசிடென்ட்டுக்கு ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். செனட்டரே கிடையாது. காங்கிரஸுக்கு ஒருத்தர அனுப்புவீங்க, சட்டம் வரும்போது அவருக்கு ஓட்டு இல்ல. இந்த அட்ரஸ்லயே போடு."

"நான் குடியிருக்கிறது அங்கதாண்ணா."

"ஊர்ல ரேஷன் கார்டுல உன் பேரு இன்னும் இருக்கே, அது மட்டும் பரவாயில்லையா?"

"என் சர்க்கரைய யாரு வாங்கறாங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்" என்று அத்தை சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "வாடகை அங்க, வரி அங்க, நான் பாத்துக்கற பேஷன்ட் அங்க. ஓட்டு மட்டும் உங்க வீட்லயா? அவங்களுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு? கேக்கறதுன்னா சேர்ந்தே கேக்கறோம்."

எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: டேப் போகப்போகிறது. "பட் யூ லிவ் ஹியர், அத்தை" என்றேன். அவர் என் தட்டில் இன்னொரு பூரி வைத்தார். புறப்படும்போது டேப்பை அவரே மெதுவாக உரித்தெடுத்தார்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தபோது காரில், வாஷிங்டன் நகரம் அப்போதுதான் கொடுக்கத் தொடங்கியிருந்த புது நம்பர் பிளேட். வரி உண்டு, பிரதிநிதி இல்லை என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்து அந்தக் காலத்தில் போட்ட கோஷம் என்று பள்ளியில் படித்திருந்தேன். அது எப்படி அத்தையின் காருக்கு வந்தது? தப்பு செய்தவர்களுக்குக் கொடுக்கும் பிளேட்டோ என்று நினைத்தேன்.

"பார்க் இன் த பேக், அத்தை. பீப்பிள் வில் ஸீ."

"பாக்கட்டும்டி. அதுக்குத்தானே டர்ன்பைக் ஹைவே பூரா காட்டிக்கிட்டு வந்தேன்" என்றவர், எழுத்து தெருவைப் பார்க்கும்படி வீட்டுக்கு முன்னாலேயே நிறுத்தினார்.

அவரைப்போல ஒருநாளாவது இருக்க முடியுமா என்று இன்றைக்கு ஏங்குகிறேன். அன்றைக்கோ, முழுதாகக் கிடைக்கும் ஓட்டை வேண்டாமென்றுவிட்டு, இல்லாததை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு ஒருவர் இத்தனை சந்தோஷமாக வருவானேன் என்று விளங்கவில்லை. அத்தை கிளம்பிப் போனதும் ஒரு புது டேப்பில் அவர் பெயரை அழகாக எழுதி, தபால் பெட்டியில் பழைய இடத்திலேயே ஒட்டிவைத்தேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.